முடியை நீக்கவும் முகூர்த்தம் பாருங்கள்!

கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வந்தால் நாம் லேசில் திருப்திப்படுவோமா? காந்தி ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, கோர்வை சரியா, ஜரிகை அசலா என்று நாலு பேர் சேர்ந்து பார்த்துத்தான் எடுப்போம். ஆனால் அந்தப் புடவையைக் கட்டப்போகிற உடம்பு விஷயத்தில் மட்டும் அவசரம்! முதல் நாள் சாயங்காலம் பார்லருக்கு ஓடி கை, கால், அக்குள், மேலுதடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சுத்தம் செய்துகொள்ளும் பெண்கள் அநேகம். பலன்? மறுநாள் அக்குளில் சிவப்புப் பொரிகள். அதன்மேல் இறுக்கமான ரவிக்கை, பட்டின் கனம், ஹோமப் புகை, வியர்வை... மணமேடையில் சொறியவும் முடியாது, சொல்லவும் முடியாது!

கொஞ்சம் முன்கூட்டியே யோசித்தால் இந்த அவஸ்தை வேண்டாம்.

பிளேடு பட்டால் தடிக்குமா?

"பிளேடு வெச்சா முடி தடிச்சு வரும்டி" என்று பாட்டி சொல்லியிருப்பார். திருத்தணியிலோ திருப்பதியிலோ மொட்டை போட்டால் குழந்தைக்கு முடி அடர்த்தியாகும் என்பதும் இதே நம்பிக்கைதான். அமெரிக்க உடற்கூறு அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் 1928லேயே இதைச் சோதித்து, சவரத்தால் முடியின் தடிமனும் வளரும் வேகமும் மாறுவதில்லை என்று எழுதிவிட்டார். முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. பிளேடு வெட்டுவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உயிரில்லாத பகுதியை மட்டுமே. இயல்பான நுனி மெலிந்திருக்கும், வெட்டிய நுனி மழுங்கியிருக்கும். அதனால்தான் கைக்குச் சொரசொரப்பு.

எந்த இடத்துக்கு எது?

சவரம்: வலி இல்லை, செலவு குறைவு. கை, கால், அக்குளுக்கு ஏற்றது. குளித்த பிறகு, சோப்பு நுரை தடவி, முடி வளரும் திசையிலேயே இழுங்கள். ரேஸர் உங்களுக்கென்று தனியாக இருக்கட்டும். அக்கா தங்கையானாலும் பகிர வேண்டாம். ஹெபடைடிஸ் பி போன்ற நோய்கள் ரத்தத்தின் வழியே தொற்றும்.

க்ரீம்: இதிலுள்ள தயோகிளைகோலேட் என்ற ரசாயனம் முடியைக் கரைக்கிறது. தோலையும் எரிக்கக்கூடும். முன்கையில் ஒரு பொட்டு அளவு தடவிக் கழுவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். டப்பாவில் போட்ட நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

வாக்ஸிங்: வேரோடு வருவதால் மூன்று, நான்கு வாரம் நிம்மதி. முடி அரை சென்டிமீட்டராவது வளர்ந்திருந்தால்தான் பிடி கிடைக்கும். பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது, தோலே உரிந்து வரலாம். சர்க்கரை நோயாளிகளும், காலில் நரம்பு சுருண்டவர்களும் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

த்ரெடிங்: புருவத்துக்கும் மேலுதட்டுக்கும் நல்லது. புது நூல் கேளுங்கள். நூலைப் பல்லில் கடித்துக்கொள்ளாமல் கழுத்தில் கட்டிக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

லேசர்: முடியிலுள்ள கருநிறம் ஒளியை உறிஞ்சிச் சூடாகி, வேர் பலவீனமாகும். நம் மாநிறத் தோலிலும் அதே நிறம் உண்டே! அதனால் கருவியும் அளவும் தப்பினால் தோல் பொசுங்கிக் கறுக்கும். 1064 நானோமீட்டர் 'என்டி யாக்' லேசர் கருமையான தோலுக்குப் பாதுகாப்பானது. தோல் டாக்டரிடம் மட்டுமே செய்துகொள்ளுங்கள். ஆறு தடவைக்கு மேலும் ஆகலாம், முடி வெகுவாகக் குறையும், அடியோடு போகும் என்று சொல்ல முடியாது. நரைமுடிக்கு லேசர் பலிக்காது. அதற்கு ஊசி வழியே மின்சாரம் செலுத்தும் எலக்ட்ராலிசிஸ் உண்டு. 1875லேயே வந்த முறை இது.

கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனியும்? பூசிக்கொள்ளலாம், ஆனால் வேர் அழியும் என்று நம்பி அழுத்தித் தேய்க்காதீர்கள். அரிதாரமும் சுண்ணாம்பும் கலந்த பழைய மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். அரிதாரத்தில் இருப்பது ஆர்சனிக் விஷம்!

கல்யாணக் கணக்கு

லேசர் என்றால் ஆறு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். அந்த நாட்களில் வாக்ஸிங், த்ரெடிங் கூடாது. வேர் இருந்தால்தான் லேசருக்கு வேலை. இடையில் சவரம் செய்துகொள்ளலாம். வாக்ஸிங் புதிது என்றால் ஒரு மாதம் முன்பு ஒருமுறை செய்து, தோல் ஏற்கிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்கானதை மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள். எடுத்த அன்று வெந்நீர், சென்ட், இறுக்கமான துணி வேண்டாம். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றி, தளர்வான பருத்தி உடுத்துங்கள். நலங்கு மஞ்சளும் அன்று அந்த இடங்களில் படவேண்டாம், எரிச்சல் கூடும்.

மோவாயில் முடி வந்தால்...

இது எல்லாவற்றையும்விட முக்கியம். மோவாய், மார்பு, அடிவயிற்றில் புதிதாகத் தடித்த முடி முளைத்து, மாதவிலக்கும் தள்ளிப் போனால் அது அழகுப் பிரச்னை மட்டுமல்ல. பி.சி.ஓ.எஸ். என்னும் ஹார்மோன் கோளாறு பலருக்கும் இப்படித்தான் வெளியே தெரிகிறது. கவனிக்காமல் விட்டால் பிள்ளைப்பேறு தாமதமாகலாம், சர்க்கரை நோயும் வரலாம். திடீரென்று வேகமாக முடி வளர்ந்து குரலும் கனத்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மகள் வெட்கப்பட்டு மறைத்தால் அம்மாதான் மெல்லப் பேச்செடுக்க வேண்டும். "வெளியில தெரிஞ்சா வரன் தட்டிப்போகும்" என்று பயந்து மூடி வைக்காதீர்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், டாக்டர் தரும் மருந்து, எடைக் கட்டுப்பாடு என்று வழிகள் இருக்கின்றன. முடி குறைவது தெரிய ஆறு மாதம் ஆகும், பொறுமை வேண்டும். அதுவரை மேலே சொன்னதில் ஒரு முறையைத் தாராளமாகப் பின்பற்றலாம். டாக்டரை முதலில் பாருங்கள், பார்லருக்கு அப்புறம் போகலாம்!