பற்றுச்சீட்டு கொடுக்கும் முன்

டெங்கிலில் குடியிருக்கும் ஒருவருக்குப் பேரங்காடிப் பற்றுச்சீட்டை அன்பளிப்பாகக் கொடுக்க நினைத்தால், முதலில் யோசிக்க வேண்டியது அவர் அந்தக் கடைக்கு எப்படிப் போவார் என்பதைத்தான். கார் வைத்திருப்பவருக்குக் கவலையில்லை. புத்ராஜெயா பக்கம் ஐஓஐ சிட்டி மால், அலமண்டா, சிப்பாங்கில் மிட்சுய் என்று சுற்றுவட்டாரத்தில் பெரிய கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் இருக்கும் ஒரு பாட்டிக்கு அவை எல்லாமே தூரம்தான். புத்ராஜெயாவை எழுப்புவதற்காகப் பிராங் பெசார் முதலான தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. 2023இல் எம்ஆர்டி புத்ராஜெயா சென்ட்ரல் வரை வந்துவிட்டது என்றாலும், அந்த நிலையத்துக்குப் போகவே ஒரு வண்டி வேண்டும். "அம்பது வெள்ளி சீட்டுக்குப் போக வர கிராப்பு காசே பாதி முழுங்கிரும் லா, தங்கச்சி" என்று அந்தப் பாட்டி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

பள்ளிப் பரிசளிப்பு, அலுவலகத் தீபாவளி விருந்து, உறவுக்காரர் வீட்டுப் புதுமனை என்று பரிசு வாங்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என் தலையில்தான் விழுகிறது. பற்றுச்சீட்டு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ரொக்கத்தால் செய்ய முடியாத ஒரு காரியத்தை அது செய்கிறது.

அங்பாவ் உறையில் போட்ட காசு வீட்டுக்குள் நுழைந்த உடனே பொதுக்காசு ஆகிவிடும். மின்சாரக் கட்டணத்துக்குப் போகும், மகனின் மோட்டார் சைக்கிள் தவணைக்குப் போகும், பேரனின் கைப்பேசிக்குப் போகும். கொடுத்தது பாட்டிக்கு என்பதே மறந்துவிடும். ஒரு சப்பாத்துக்கடைச் சீட்டு அப்படிக் கரையாது. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, கல்யாணமாகிப் பல வருடம் தனக்கென்று ஒரு நல்ல சப்பாத்து வாங்காதவள், அப்படி ஒரு சீட்டு கையில் இருந்ததால்தான் கடைக்குப் போனாள். காசாகக் கொடுத்திருந்தால் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையாகியிருக்கும் என்று அவளே சொன்னாள். பிள்ளை பெற்ற வீட்டுக்கும் சீட்டு நல்லது. எந்தப் பம்பர்ஸ், எந்த அளவு என்று நமக்குத் தெரியாது, தாய்க்குத் தெரியும். கல்யாணத்துக்கு மட்டும் மொய் எழுதிக் காசாகவே கொடுத்துவிடுங்கள். புதுக் குடித்தனத்தில் வாடகை முன்பணத்தைச் சீட்டால் கட்ட முடியாது. துக்க வீட்டுக்கும் அப்படியே.

இனி அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் தொகை பெரிதாக இருக்கும். மூலையில் தொடர் எண். கடையின் சாப்பு குத்தியிருக்க வேண்டிய இடம் சில சமயம் வெறுமையாக இருக்கும். சாப்பு இல்லாத சீட்டைக் காசாளர் திருப்பிக் கொடுத்துவிடுவார். பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் நிபந்தனைகள்: மீதி தரப்படாது, ரொக்கமாக மாற்ற முடியாது, தொலைந்தால் கடை பொறுப்பல்ல, மலிவு விற்பனைப் பொருளுக்குச் செல்லாது. முடிவுத் தேதியும் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கும். ஆஸ்திரேலியாவில் 2019 நவம்பர் முதல் விற்கும் பரிசு அட்டைகள் குறைந்தது 3 ஆண்டு செல்ல வேண்டும் என்று சட்டம். அமெரிக்காவில் அது 5 ஆண்டு. இங்கே நான் அதிகம் பார்த்தது ஆறு மாதமும் ஓராண்டும்தான்.

மீதி தரப்படாது என்ற ஒரு வரியை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 வெள்ளிச் சீட்டுக்கு 43 வெள்ளி 60 சென்னுக்குச் சாமான் வாங்கினால் 6 வெள்ளி 40 சென் கடைக்கே போய்விடும். அதை விடக்கூடாது என்று இன்னொரு பொருளை எடுத்தால் கைக்காசு போகும். அதனால் 50 வெள்ளி கொடுப்பதென்றால் ஐந்து பத்து வெள்ளிச் சீட்டாகவே வாங்கிக் கொடுங்கள். பெறுபவர் இரண்டு மூன்று தடவையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம், நஷ்டமும் குறையும்.

2021 டிசம்பர் 18 வெள்ளத்தை டெங்கிலில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லங்காட் ஆறு கரை மீறி வீடுகளுக்குள் புகுந்தது. அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பர் 4. விருந்தில் வாங்கிய சீட்டுகளைப் பலர் அலமாரி இழுப்பறையில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். சேறு வடிந்த பிறகு எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, விசிறிக் காற்றில் காயவைத்தார். தாள் காய்ந்தது, தொடர் எண்ணின் மை கலைந்து போயிருந்தது. கடைக்குக் கொண்டுபோனபோது "தா போலே, காக்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வங்கி நோட்டு நனைந்திருந்தால் வங்கிக்குக் கொண்டுபோய் மாற்றக் கேட்டிருக்கலாம். அதன் பிறகு நான் சீட்டு வாங்கினால் இரண்டு பக்கமும் படம் எடுத்து, ரசீதோடு வைத்துக்கொண்டு, படத்தைப் பெறுபவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். எல்லாக் கடையும் ஒப்புக்கொள்ளாது. ஆனாலும் எந்தச் சீட்டு, யார் வாங்கியது என்று காட்ட ஏதாவது கையில் இருந்தால்தான் பேசவாவது முடியும்.

தாள் பத்திரமாக இருந்தாலும் கடை இருக்க வேண்டுமே. 1858இல் சிங்கப்பூரில் தொடங்கிய ரோபின்சன்ஸ், 2020இல் கோலாலம்பூர்க் கடைகளையும் சேர்த்து மூடப்போவதாக அறிவித்தது. பிரிட்டனில் எச்எம்வி இசைக்கடை 2013 ஜனவரியில் நொடித்தபோது, பரிசு அட்டைகள் செல்லாது என்று முதலில் சொன்னார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். சீட்டு வாங்குவது என்பது அந்தக் கடைக்கு நாம் வட்டியில்லாமல் கடன் கொடுப்பது. கடை திவாலானால் வங்கியெல்லாம் முன்வரிசையில் நிற்கும், சீட்டு வைத்திருப்பவர் கடைசி வரிசையில் நிற்பார். தட்டுகள் காலியாகிக் கிடக்கும் கடையில், எவ்வளவு கழிவு கொடுத்தாலும் சீட்டு வாங்காதீர்கள்.

நம் நாட்டில் இந்த விஷயத்தில் நடந்த மிகப் பெரிய சோதனை பிபி1எம் என்ற புத்தகப் பற்றுச்சீட்டுத் திட்டம். 2012இல் உயர்கல்வி மாணவர்களுக்கு 200 வெள்ளி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு 250 ஆனது. பலர் அதைக் குறைந்த விலைக்கு விற்றுக் காசாக்குகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. மாணவர்களைத் திட்டியவர்கள் நிறைய. என்னால் அப்படித் திட்ட முடியவில்லை. அறை வாடகை கட்ட வேண்டிய பிள்ளைக்கு அந்த மாதம் புத்தகம் இரண்டாவது தேவைதான். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1993இல் எழுதிய கட்டுரையில், பரிசுப் பொருளுக்குக் கொடுத்தவர் செலவழித்ததைவிடப் பெற்றவர் பத்து விழுக்காட்டில் இருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாகவே மதிப்புப் போடுகிறார் என்று கணக்கிட்டார். பொருத்தமில்லாத கடையின் சீட்டுக்கும் அதே கதிதான். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குப் பேரங்காடிப் புத்தகக்கடைச் சீட்டைப் பரிசாகக் கொடுத்தால், அங்கே தமிழ்ப் புத்தகம் எத்தனை இருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

வயதானவர்களுக்கு நான் இப்போது செய்வது வேறு. வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்து போகும் தூரத்தில் மளிகைக்கடை இருக்கும். கடைக்காரரிடம் முன்பணம் கட்டி, "இந்தப் பாட்டி என்ன கேட்டாலும் இந்தக் கணக்கில் கழிச்சிக்குங்கண்ணே" என்று சொல்லி, அவருடைய நோட்டுப் புத்தகத்தில் எழுதவைத்து, ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொள்வேன். முடிவுத் தேதி கிடையாது, மீதியும் போகாது. அரிசி கனமென்றால் கடைப்பையனே வீட்டில் இறக்கிவிட்டுப் போகிறான்.

கைப்பேசியில் வரும் இலவசச் சீட்டு இணைப்புகளைத் தொடவே தொடாதீர்கள். மேலாளர் பேசுவதாகச் சொல்லி, பரிசு அட்டை வாங்கி அதன் எண்ணை அனுப்பச் சொன்னால் அது மோசடிதான். பணம் போய்விட்டால் உடனே 997க்கு அழையுங்கள். செல்லுபடியாகும் சீட்டைக் கடை வாங்க மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனு போட 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

இதைப் படித்த கையோடு உங்கள் வீட்டு இழுப்பறையைத் திறந்து பாருங்கள். போன தீபாவளிக்கு வந்த சீட்டு ஏதாவது கிடந்தால் தேதியைப் பார்த்து, இந்த வாரமே போய் வாங்கிவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் கேட்டு, காரில் இடம் இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.