விளக்கு எரிந்த மணிகள்: வங்காள தேசம் தரும் பாடம்

(பொருளியல், மூன்றாம் ஆண்டு)

ஒரு நாடு முன்னேறியிருக்கிறதா என்று அறிய விரும்புவோர் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, அங்கே எத்தனை வீடுகளுக்கு மின்சாரம் இருக்கிறது என்பதாகும். கேள்வி எளியது, விடைதான் எளிதன்று. வீட்டுச் சுவரில் மின்னளவி பொருத்தப்பட்ட நாளிலேயே மின்சாரம் வந்துவிட்டதாகக் கொள்வதா? அல்லது பிள்ளைகள் படிக்க உட்காரும் வேளையில் விளக்கு எரிந்தால்தான் வந்ததாகக் கொள்வதா? எங்கள் துறைக் கருத்தரங்கிற்காக வளரும் நாடுகளின் எரிசக்தி பற்றிப் படித்தபோது, வங்காள தேசத்தின் அனுபவம் இக்கேள்விக்குத் தெளிவான விடை தருவதாக எனக்குப் பட்டது. அதனை நம் கல்லூரி நண்பர்கள் முன் வைக்க விழைகிறேன்.

ஆறுகளின் நாடு

1971-இல் விடுதலை பெற்ற வங்காள தேசம் ஆறுகளால் ஆன நாடு. ஆறுகளின் நடுவே வண்டல் படிந்து தோன்றும் திட்டுகளைச் 'சர்' என்று அழைக்கிறார்கள். அவற்றில் இலட்சக்கணக்கான மக்கள் குடியிருந்து பயிரிடுகிறார்கள். வெள்ளத்தில் திட்டு கரைந்தால் ஊரே வேறிடம் பெயரும். இத்தகைய இடங்களுக்குக் கம்பம் நட்டுக் கம்பி இழுப்பது எவ்வளவு கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

1977-இல் ஊரக மின்மயமாக்கல் வாரியம் அமைக்கப்பட்டது. 'பல்லி பித்யுத் சமிதி' எனும் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகக் கிராமங்களுக்கு மின்சாரம் சென்றது. பணி பாராட்டத்தக்கதே. எனினும் 2000-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கே மின்சாரம் கிட்டியிருந்தது. மற்றவர்களுக்கு மண்ணெண்ணெய் விளக்கே துணை.

இத்தனை ஆறுகள் இருக்க, புனல் மின்சாரம் எடுக்கலாகாதா என்று கேட்கத் தோன்றும். நீர் மட்டும் இருந்தால் போதாது. அது விழுவதற்கு உயரம் வேண்டும். நாடோ பெரும்பாலும் சமவெளி. கர்ணபூலி ஆற்றில் 1962-இல் முடிக்கப்பட்ட காப்தாய் அணை ஒன்றே அங்குள்ள பெரிய புனல் மின் நிலையம். அதன் திறன் 230 மெகாவாட். அதன் நீர்த்தேக்கத்திற்காக ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வீடும் நிலமும் இழந்தனர். அவருள் பெரும்பாலோர் சக்மா பழங்குடியினர். ஆகவே, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்பதாலேயே எதுவும் தீங்கற்றதாகிவிடாது என்பதையும் நாம் இங்கே மனத்திற் கொள்ள வேண்டும்.

தகடும் தவணையும்

எஞ்சியிருந்தது கதிரவன். 1996-இல் கிராமீன் வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த 'கிராமீன் சக்தி' எனும் நிறுவனம் வீடுதோறும் சூரிய மின்தகடு பொருத்தும் பணியைத் தொடங்கியது. 2003-இல் அரசுக்குச் சொந்தமான 'இட்கால்' எனும் நிதி நிறுவனம், உலக வங்கி முதலியவற்றின் உதவியோடு, இதனை நாடு தழுவிய திட்டமாக்கியது. 2008-க்குள் 50,000 வீடுகள் என்பது முதல் இலக்கு. அந்த எண்ணிக்கை 2005-லேயே எட்டப்பட்டது. 2018 வரை நிறுவப்பட்டவை ஏறத்தாழ 41 இலட்சம்; பயன் பெற்றோர் ஏறத்தாழ 2 கோடிப் பேர்.

இவ்வமைப்பின் இயக்கம் எளிது. சிலிக்கனால் ஆன ஒவ்வொரு சிறு கலமும் வெயிலில் ஏறத்தாழ அரை வோல்ட் மின்னழுத்தம் தரும். 36 கலங்களைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட் சேமக்கலத்தை மின்னேற்றப் போதிய அழுத்தம் கிடைக்கும். பகலில் சேமித்ததை இரவில் செலவிடுகிறோம். அளவுக்கு மிஞ்சி ஏறாமலும் இறங்காமலும் காக்க இடையில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும்.

இதனால் என்ன கிடைக்கும் என்று நானே கணக்கிட்டுப் பார்த்தேன். 50 வாட் தகட்டிற்கு நாளொன்றுக்கு நான்கரை மணி நேர முழு வெயில் கிடைப்பதாகக் கொண்டால் 225 வாட்-மணி. சேமக்கலத்திலும் கம்பியிலும் கால் பங்கு வீணானால் எஞ்சுவது 170 வாட்-மணி. 3 வாட் விளக்குகள் நான்கு, ஐந்து மணி நேரம் எரிய 60 போதும். 20 வாட் சிறு தொலைக்காட்சிப் பெட்டி மூன்று மணி நேரம் ஓட மற்றொரு 60. மீதியில் கைப்பேசிக்கு மின்னேற்றலாம். ஆனால், 75 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் சுழல 600 வாட்-மணி வேண்டும். அதற்கு இத்தகட்டால் இயலாது. மாதம் முழுதும் சேர்த்தாலும் ஏறத்தாழ 5 யூனிட்டுதான். இதன் பெருமையும் எல்லையும் இக்கணக்கிலேயே அடங்கியிருக்கின்றன.

எனினும் இத்திட்டத்தை வெற்றி பெறச் செய்தது தகடு மட்டுமன்று. ஏழைக் குடும்பம் முழு விலையையும் ஒரே நாளில் கொடுக்க இயலாது. ஆதலால் ஒரு சிறு பங்கை முன்பணமாகச் செலுத்தி, எஞ்சியதை இரண்டு மூன்று ஆண்டுகளில் மாதத் தவணையாகச் செலுத்த வழி செய்தார்கள். தவணை வாங்க வரும் பணியாளரே கருவியைச் சோதித்து, பழுது நீக்கி, சேமக்கலத்திற்கு வடிநீர் ஊற்றும் முறையையும் கற்றுக்கொடுத்தார். விளக்கு எரியாவிட்டால் தவணை வராது. எனவே விளக்கு எரிவதில் விற்றவருக்கும் அக்கறை இருந்தது. இதுவே இத்திட்டத்தின் உயிர்நாடி என்று நான் துணிந்து கூறுவேன்.

சரிவு ஏன்?

2013-ஐ ஒட்டி உச்சத்தை எட்டிய திட்டம் அதன்பின் சரியத் தொடங்கியது. ஊரக மின் வாரியம் எதிர்பார்த்ததைவிட விரைவாகக் கம்பி இழுத்தது. நாளை மின்கம்பி வருமெனில் இன்று தகட்டிற்கு எவர் தவணை கட்டுவார்? மற்றொருபுறம், அரசின் நலத்திட்டங்கள் வாயிலாகவே சில ஊர்களில் தகடுகள் இலவசமாக வழங்கப்பட்டன. அண்டை வீட்டார் விலையின்றிப் பெற்றதைக் கண்டவர் தம் தவணையை நிறுத்தியதில் வியப்பில்லை. தவணை நின்றதும் பழுது பார்க்க வருபவரும் நின்றார். களப்பணி செய்த நிறுவனங்கள் கடனில் ஆழ்ந்தன.

இங்கே எவரும் தீய நோக்கத்தோடு செயல்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கம்பி இழுத்தது நன்று. ஏழைக்கு இலவசமாகக் கொடுத்ததும் நல்லெண்ணமே. தவணை முறையும் நன்றே. மூன்று நன்மைகள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே ஊருக்குள் நுழைந்தன. எந்த ஊருக்கு எந்த ஆண்டில் கம்பி வரும் என்ற வரைபடம் ஒன்றே அனைவர் கையிலும் இருந்திருந்தால் இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

நூறு விழுக்காட்டிற்குப் பின்

2022 மார்ச் 21 அன்று, நாடு முழுமைக்கும் மின்சாரம் எட்டிவிட்டது என அன்றைய பிரதமர் ஷேக் ஹசீனா அறிவித்தார். இரு பத்தாண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றம் பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. அறிவிப்பு நிகழ்ந்த இடம் பாய்ராவில் அமைந்த 1,320 மெகாவாட் அனல் மின் நிலையம். அதற்கு வேண்டிய நிலக்கரியோ கப்பலில் வருவது.

அதே ஆண்டு ஜூலையில், எரிபொருள் விலையேற்றத்தால் டீசல் மின் நிலையங்கள் நிறுத்தப்பட்டு, நாடெங்கும் முறைவைத்து மின்வெட்டு தொடங்கியது. அக்டோபர் 4 அன்று மின் தொகுப்பு செயலிழந்து நாட்டின் பெரும்பகுதி இருளில் மூழ்கியது. 2023 ஜூன் 5 அன்று பாய்ரா நிலையமே நிலக்கரியின்றி முற்றிலும் நின்றது. நிலக்கரிக் கடனை அடைக்க டாலர் போதாமையே காரணம். சில வாரங்களுக்குப் பின்னரே அது மீண்டும் இயங்கியது. புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கை 2020-க்குள் 10 விழுக்காடாக்க வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டுக் கொள்கை கூறியிருந்தது. அந்த இலக்கு நிறைவேறவில்லை.

ஆகக் கம்பி எல்லா வீட்டையும் எட்டியது. ஆனால், கம்பியில் ஓட வேண்டிய ஆற்றல் அயல்நாட்டுச் சந்தையை நம்பி நின்றது. தகட்டு விளக்கு சிறிது. எனினும் அதன் எரிபொருளுக்கு டாலர் தேவையில்லை. கம்பி வலியது, எனினும் அதன் மறுமுனையில் ஒரு கப்பல் நிற்க வேண்டியிருந்தது. இவ்விரண்டையும் பகையாக்கியதே பிழை. கம்பி வந்த வீட்டின் தகடு, கம்பிக்கே மின்சாரம் தரும் துணையாக மாறியிருக்க வேண்டும். உபரி மின்சாரத்தைத் தொகுப்பிற்கு விற்கும் நிகர அளவீட்டு முறைக்கு அந்நாடு விதி வகுத்தது 2018-இல்தான். அதற்குள் வீட்டுத் தகடுகளின் திட்டம் முடிவுக்கு வந்துவிட்டது.

நாம் கொள்ள வேண்டியது

உலக வங்கி 2015-இல் வெளியிட்ட ஓர் அளவுமுறை, மின்வசதியை 'உண்டு', 'இல்லை' என்று பிரிக்காமல் படிகளாக வகுக்கிறது. எவ்வளவு திறன், எத்தனை மணி நேரம், தடையின்றி வருகிறதா, விலை தாங்குமா, பாதுகாப்பானதா என்றெல்லாம் அது கேட்கிறது. இதுவே நேர்மையான அளவுகோல். ஏனெனில் இணைப்பு என்பது ஒருநாள் நிகழ்ச்சி. வெளிச்சமோ ஒவ்வோர் இரவும் நிகழ வேண்டியது.

பொருளியல் பயிலும் நாம் பட்டியல்களில் விழுக்காடுகளைக் காணும்போது, அவற்றின் பின்னே இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். நேற்று இரவு அவ்வீட்டில் விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது? அது அணைந்தால் சரி செய்ய வருபவர் யார்? இவற்றிற்கு விடை சொல்லும் திட்டமே ஏழை நாடுகளின் இருளை அகற்றும். தகடு செய்யும் தொழில்நுட்பத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். தவணை வாங்கவும் பழுது நீக்கவும் வீடு தேடி வரும் அந்தப் பணியாளரை ஒவ்வொரு நாடும் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.