டப்பா தேடக் கிளம்பும் பிள்ளைக்கு

கண்ணு, யாரோ ஒளித்த டப்பாவை ஜிபிஎஸ் எண்களை வைத்துத் தேடும் ஜியோகேச் பித்து உனக்கும் பிடித்துவிட்டதாக உன் அம்மா சொன்னாள். அதிலும் நீலக் கேள்விக்குறி போட்ட புதிர் வகைதான் வேண்டுமாமே! வரைபடம் காட்டும் இடத்தில் டப்பா இருக்காது; புதிரை அவிழ்த்தால்தான் உண்மையான இடத்தின் எண்கள் கிடைக்கும். இந்தச் சிங்கப்பூரில் நம் புளோக்கை ஒட்டிய சின்னப் பூங்காவில்கூட அப்படி ஒன்று ஒளிந்திருக்கலாம். தேடித் தேடிச் செருப்புத் தேய்ந்தவன் என்ற உரிமையில் சில சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. ஒளித்தவர் உன் எதிரி இல்லை. இந்த விளையாட்டு பிறந்த கதையைக் கேள். ஜிபிஎஸ் அலைகளில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. மே 3ஆம் தேதியே டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்து, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் ஊருக்கே சொல்லிவிட்டார். வாளிக்குள் கவண், புத்தகம், ஒரு டின் பீன்ஸ் எல்லாம் இருந்தன. ஒளித்த கையோடு இடத்தையும் சொன்னார் பார், இந்த விளையாட்டின் குணமே அதுதான். நீ கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் ஒருவர் இராத்திரி உட்கார்ந்து புதிர் கட்டுகிறார். சிக்கிக்கொண்டால், "என்னை எப்படி ஏமாற்றுகிறார்?" என்று பல்லைக் கடிக்காதே. "எனக்கு எதைக் காட்டப் பார்க்கிறார்?" என்று கேள். பாதிப் புதிர் அங்கேயே இளகிவிடும்.

2. உனக்குத் தெரிந்ததை எல்லாப் புதிரிலும் திணிக்காதே. வேதியியல் படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் தனிம அட்டவணை. சாரணர் இயக்கத்தில் இருந்தவனுக்கு எல்லாமே மோர்ஸ். முதலில் தலைப்பைப் படி. தலைப்பில் ஒரு வார்த்தை சும்மா வந்து உட்காராது. ஒருமுறை க, உ, எ, அ என்று எழுத்துகள் சிதறிக் கிடந்த புதிரோடு நாலைந்து பிள்ளைகள் மல்லுக்கட்டினார்கள். எல்லாரும் தமிழ் படித்தவர்கள். சொல்லாகக் கோத்துப் பார்த்தார்கள், மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தியின் பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து, "இது ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு இல்லையா?" என்றார். பழைய தமிழ் எண்கள்! எட்டை ‘அ’ என்றும் காலை ‘வ’ என்றும் எழுதி, எட்டேகாலுக்குள் ‘அவ’ என்ற எழுத்துகளை ஒளித்து வைத்து விளையாடிய மொழி நம்முடையது. நமக்கே அது மறந்துபோனது. தெரியாததைப் பெரியவர்களிடமும் சின்னவர்களிடமும் கூசாமல் கேள்.

3. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வெகு நாள் உதவும். எண்களைப் பாகை, நிமிடம், நிமிடத்தின் மூன்று தசம இடங்கள் என்று எழுதுவது வழக்கம். சிங்கப்பூர் என்றால் வடக்கு 01 பாகை, கிழக்கு 103 பாகை. சாங்கிப் பக்கம் கிழக்கோரம் போனால்தான் 104. ஆக மொத்தம் பதினைந்து இலக்கங்கள். புதிரில் பதினைந்து படமோ பறவையோ நிறமோ இருந்தால் உடனே நிமிர்ந்து உட்கார். முதலாவதும் ஒன்பதாவதும் பூஜ்யம்; இரண்டாவதும் எட்டாவதும் ஒன்று. அந்த இணைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார். ஒத்துப்போனால் நூலின் முனை கையில் வந்துவிட்டது. பெருந்தீவில் மூன்றாவது இலக்கம் ஒன்றாகவோ இரண்டாகவோதான் இருக்கும். உண்மையான இடம் பொதுவாக வரைபடத்தில் காட்டிய புள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் அமையும். உன் விடை உன்னை ஜொகூருக்கோ நடுக்கடலுக்கோ அனுப்பினால், கணக்கை மறுபடி போடு. புதிர் போட்டவரைத் திட்டாதே.

4. விடையைக் கடன் வாங்காதே. நண்பர் ஒருவர் இரக்கப்பட்டு எண்களைச் சொல்ல, நான் போய் டப்பாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டதுண்டு. அந்தப் புதிர் என்ன சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முட்டி நின்றால் ஒளித்தவருக்கே எழுது: "இதுவரை இப்படி யோசித்தேன், வழி சரியா?" என்று கேள். உழைப்பைக் காட்டிக் கேட்பவனுக்கு மறுப்பவர் அபூர்வம். டப்பாவின் இணையப் பக்கத்தில் இருக்கும் குறிப்பையும் பார்க்கலாம், அதில் வெட்கம் இல்லை. ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளி எழுதியிருப்பார்கள். ஒரு தட்டில் அவிழ்ந்துவிடும்.

5. பூங்காவுக்குப் போனதும் கைபேசியைப் பையில் போடு. கடைசித் தசம இடத்தில் ஓர் எண் மாறினால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் தள்ளிப்போகும். தூங்குமூஞ்சி மரத்தடியிலும் உயர்ந்த புளோக்குகளுக்கு நடுவிலும் ஜிபிஎஸ் அதைவிடப் பல மடங்கு தடுமாறும். அம்புக்குறியின் பின்னால் நீயும் வட்டமடித்தால் தலைதான் சுற்றும். நின்று பார். நானாக இருந்தால் எங்கே ஒளிப்பேன்? பெஞ்சின் அடியில் காந்தம் ஒட்டியிருக்கிறதா? வேலிக் குழாயின் மூடி மட்டும் புதிதாக இருக்கிறதா? கண் போகாத இடத்துக்குக் கை போகக் கூடாது. இலைகளைச் சேர்த்துத் தைத்த முசுறுக் கூட்டில் விரல் வைத்தவனுக்கு அடுத்த ஒரு மணி நேரம் வேறு யோசனை ஓடாது. டெங்கிக் காய்ச்சல் உள்ள ஊர் இது, கொசு மருந்து பூசிக்கொண்டு போ.

6. யாராவது கேட்டால் உண்மையைச் சொல். சந்தேகப் பொருளைக் கண்டால் தகவல் கொடுங்கள் என்று ரயில் நிலையத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய ஊர். வளர்ந்த ஆள் ஒருவன் பெஞ்சடியில் துழாவினால் பார்ப்பவருக்குக் கலக்கம் வரத்தான் செய்யும். பிள்ளைகள் விளையாடும் இடமாக இருந்தால் அவர்கள் போகும்வரை தள்ளி உட்கார், அல்லது இன்னொரு நாள் வா. "தொலைந்த சாவியைத் தேடுகிறேன்" என்று கதை விட்டால், பாவம், அவர்களும் குனிந்து தேடுவார்கள். டப்பாவைக் காட்டிக்கொடுக்காமலும் உண்மை பேசலாம்: "புதையல் விளையாட்டு, பாட்டி" என்றால் போதும். பூங்காவைக் கூட்டும் தொழிலாளிக்கு வணக்கம் சொல்ல மறக்காதே. உனக்கு முன்பே அவருக்கு டப்பா இருக்கும் இடம் தெரியும்; தெரிந்தும் தொடாமல் விட்டிருப்பார்.

7. கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று பதிவு செய். தோல்வியை மறைத்தால் டப்பா காணாமல் போனதே ஒளித்தவருக்குத் தெரியவராது. தம் பையிலிருந்து வேறொரு டப்பாவை வைத்துவிட்டு, "கண்டேன்" என்று எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களோடு சேராதே.

8. கிடைத்துவிட்டால் நிதானம் இன்னும் அதிகம் வேண்டும். பதறாத காரியம் சிதறாது. கையைத் துடை, தாளை விரி, பெயரும் தேதியும் எழுது, சுருட்டிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடியை இறுக்கு. மூடி சரியாக மூடாத டப்பாவில் ஒரே மழையில் முன்னால் வந்தவர்கள் அத்தனை பேருடைய கையெழுத்தும் கூழாகிவிடும். உள்ளே பொம்மை ஏதாவது இருந்து எடுத்துக்கொண்டால், அதே மதிப்புள்ள ஒன்றை வை. தின்பண்டம் வைக்காதே, எறும்பு வரும். எடுத்த இடத்தில் எடுத்தபடியே வை. "இன்னும் நன்றாக ஒளிக்கிறேன்" என்று இரண்டடி தள்ளி வைக்கும் கெட்டிக்காரத்தனம் வேண்டாம்.

9. வீட்டுக்கு வந்ததும் நாலு வரி எழுது. எந்த இடத்தில் மாட்டினாய், எப்போது சிரித்தாய் என்று எழுது; விடையை மட்டும் விட்டுவிடு. வெறும் "நன்றி" போதாது. அந்த நாலு வரிதான் ஒளித்தவருக்குக் கிடைக்கும் ஒரே கூலி.

10. நீயும் ஒன்று ஒளிக்க ஆசைப்படுவாய். அவசரப்படாதே. இடத்துக்கு உரியவர்களின் அனுமதி வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. பக்கத்து டப்பாவிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இவையெல்லாம் படித்தால் தெரிந்துவிடும். வைத்த பிறகு மாதாமாதம் போய்ப் பார்க்க உன்னால் முடியுமா என்பது படித்துத் தெரிவதில்லை. ஆகவே, வரும் டிசம்பர் மழை முழுக்க அடுத்தவர் டப்பாக்களைச் சுற்றி வா. எதில் தண்ணீர் இறங்குகிறது, எதில் இறங்கவில்லை என்று குறித்து வை. பையில் நாலைந்து காய்ந்த தாள் இருக்கட்டும். நனைந்த கையெழுத்துத் தாள் கண்ணில் பட்டால் ஒன்றை உள்ளே வைத்து, ஒளித்தவருக்குத் தகவல் சொல். தை பிறந்ததும் வா, உன் டப்பாவுக்கு இடம் பார்க்க நானும் கூட வருகிறேன்.