மஞ்சாடி: வித்தும் நிறைப்பெயரும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் பொன்னின் நிறை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் அலகுகளால் குறிக்கப்பெறுகிறது. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. மூன்றும் அவரைக் குடும்பத்து வித்துகளின் பெயர்கள். கழற்சியும் குன்றியும் படர்ந்தேறும் கொடிகள். மஞ்சாடி ஒன்றே நெடிதுயர்ந்து வளரும் மரம்.

மஞ்சாடிக்கு ஆனைக்குன்றிமணி என்னும் பெயரும் உண்டு. ஆனைநெருஞ்சி, ஆனைப்புளி என்பவற்றிற்போல ஈண்டும் 'ஆனை' பருமையைச் சுட்டும் முன்னொட்டேயாகும். இப்பெயரொப்புமையால் இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை. குன்றியின் செம்மேனியில் ஒரு கரும்புள்ளி உண்டு. மஞ்சாடியோ முழுதும் சிவந்தது. திருக்குறளின் 277ஆம் குறளில் வரும் உவமை அக்கருமையைப் பற்றியே அமைந்தது. அவ்விடத்து மஞ்சாடியை எண்ணிப் படிப்பவர்க்கு உவமையே நில்லாது. 965ஆம் குறளிலோ குன்றி நிறத்திற்கன்றிச் சிறுமையின் அளவிற்கு வந்துள்ளது.

இம்மயக்கம் உரையளவில் நிற்பதன்று. குன்றிவித்து கொடிய நஞ்சு. மஞ்சாடி வித்தோ, பச்சையாக உண்ணத் தகாதெனினும், வறுத்தோ வேகவைத்தோ தோல் நீக்கி உண்ணப்படுவது. சாவகத்தில் வறுத்து உண்பர். பசிபிக் தீவுகள் சிலவற்றில் இது உணவு மரம் என்றே பெயர் பெற்றுள்ளது. எனவே அகராதிகளும் மூலிகை நூற்பதிப்புகளும் 'குன்றிமணி' என்று பொதுப்பட எழுதாமல், கொடியா மரமா என்பதை விளங்கச் சுட்டுதல் வேண்டும்.

மஞ்சாடி வித்துகள் ஏறத்தாழ நான்கு சேர்ந்தால் ஒரு கிராம். அவ்வாறாயின் இருபது வித்து ஐந்து கிராம் அளவினதாகும். வித்துகள் பெரிதும் ஒத்த எடையின. தோல் கடினமானதால் எளிதில் ஈரம் ஏற்பதில்லை. பொற்கொல்லர் இவற்றை நிறைக்கு ஏற்றமைக்கு இவ்வியல்புகளே காரணமாகலாம். மலாய் நாட்டிலும் இவ்வித்து பொன் நிறுக்கப் பயன்பட்டது.

ஆயினும் கல்வெட்டில் வரும் மஞ்சாடியை வித்தின் எடையாகவே கொள்ளுதல் பொருந்தாது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், அணிகலன்களைத் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லாலும் நிறுத்ததாகக் கூறுகின்றன. அங்கு மஞ்சாடி என்பது மரத்தினின்று உதிர்ந்த வித்தன்று. அந்தந்தக் கல்லால் அளந்த கழஞ்சின் இருபதில் ஒரு கூறு. கல் மாறின் கூறும் மாறக்கூடும். ஆகவே கொடைப்பொன்னை இன்றைய கிராமிற்கு மாற்றுவோர், கல்வெட்டு எந்தக் கல்லைக் குறிக்கிறது என்பதை முதற்கண் நோக்கிய பின்னரே கணக்கிடுதல் வேண்டும்.