மூன்று திருத்தங்கள், ஒரே பிரதி

ஒரு கட்டுரையை எழுதி முடிப்பது பாதி வேலைதான். அதைப் பலர் படித்துத் திருத்தித் தந்த பிறகு, அந்தத் திருத்தங்களை எல்லாம் ஒரே பிரதிக்குள் கொண்டுவந்து சேர்ப்பது மறுபாதி. உயர்தர வகுப்பில் செயற்றிட்ட அறிக்கை எழுதும் தோழிகளும், மன்றங்களுக்குக் கடிதங்களும் மலர்களும் தயாரிக்கும் தோழிகளும் இந்த இரண்டாம் பாதியில்தான் அதிகம் தடுமாறுகின்றனர். பிள்ளைகளின் எழுத்தைப் படித்துத் திருத்திக் கொடுக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும் என்று நம்பி, நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வகுப்பில் ஊர்ப் பெரியவர்களின் நினைவுகளைத் தொகுத்து ஒரு சிறு கையேடு செய்தோம். கப்பல்துறையிலும் அயலிலும் உள்ள வயது முதிர்ந்த பெண்கள் சொல்லச் சொல்ல எழுதிய பக்கங்கள் அவை. அவற்றைத் தொகுத்துத் தட்டச்சுச் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. தமிழ் ஆசிரியை ஒருவர், வரலாற்று ஆசிரியர் ஒருவர், நினைவைச் சொன்ன பெண்ணின் மகள் ஆகிய மூவரும் பிரதியைத் திருத்தினர். கையில் மூன்று கோப்புகள் சேர்ந்தன. மூன்றிலும் நல்ல திருத்தங்கள் இருந்தன. ஆனால் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

பாடபேதம் என்னும் பழைய சிக்கல்

இது கணினி வந்த பிறகு தோன்றிய சிக்கல் அன்று. ஓலைச்சுவடியைப் பார்த்துப் பார்த்து எழுதிய காலத்தில் ஒரே பாடல் ஒவ்வொரு சுவடியிலும் வெவ்வேறு சொற்களோடு இருந்தது. அதைத்தான் பாடபேதம் என்று படிக்கிறோம். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1894இல் புறநானூற்றை வெளியிட்டார். எங்கள் திருகோணமலையைச் சேர்ந்தவரும் 1895இல் ‘மோகனாங்கி’ என்ற வரலாற்று நாவலை எழுதியவருமான தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் சென்னையில் ஒரு சுவடி நூலகத்தில் பணியாற்றியவரே.

அந்தப் பதிப்பாசிரியர்கள் பல ஊர்களிலிருந்து பிரதிகளைத் திரட்டி, ஒப்பிட்டு, பொருத்தமான பாடத்தை மேலே வைத்தனர். சாமிநாதையர் தாம் தெரிவு செய்யாத பாடங்களையும் தூக்கி எறியாமல் பக்கத்தின் அடியில் குறித்து வைத்தார். அதனால் இன்றைய வாசகரும் அவருடைய தெரிவைச் சோதித்துப் பார்க்கலாம்.

அவர்களுக்கு இல்லாத ஒரு வசதி எங்களுக்கு உண்டு. புலவர் எழுதிய மூலப் பிரதி அவர்கள் கையில் இல்லை. எங்கள் கையில் மூலப் பிரதி இருக்கிறது. அதைப் பாதுகாத்தால் வேலையின் பெரும்பகுதி இலகுவாகிவிடும்.

மூலம் ஏன் வேண்டும்?

இரண்டு பிரதிகளை மட்டும் ஒப்பிட்டால் எங்கே வேறுபாடு உண்டு என்பது தெரியும். யார் மாற்றினார் என்பது தெரியாது. ஒன்றில் ‘சந்தை’ என்றும் மற்றதில் ‘கடைத்தெரு’ என்றும் இருந்தால், எது பழையது, எது திருத்தம்? மூலத்தையும் சேர்த்து மூன்றாக வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒருவர் மட்டும் ஒரு சொல்லை மாற்றியிருந்தால் அந்த மாற்றத்தைச் சேர்ப்பதில் தடை இல்லை. இருவரும் ஒரே மாதிரி மாற்றியிருந்தாலும் சிக்கல் இல்லை. ஒரே இடத்தை இருவர் வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால் மட்டுமே அது முரண். அங்கே மனிதர் ஒருவர் முடிவெடுக்க வேண்டும்.

மென்பொருள் எழுதுவோர் நாள்தோறும் செய்வதும் இதுதான். 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராயும் ஜேம்ஸ் ஹன்ட்டும் இரண்டு கோப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் முறையை வகுத்தனர். 2005இல் லினஸ் டொர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ என்னும் மென்பொருள், பலர் எழுதிய மாற்றங்களை மூலத்தோடு ஒப்பிட்டு இணைக்கிறது. முரண் வந்த இடத்தில் அதுவும் நின்று, எழுதியவரிடமே முடிவைக் கேட்கிறது.

அனுப்புவதற்கு முன்

முதலாவது, எல்லோருக்கும் ஒரே பிரதியையே அனுப்ப வேண்டும். ஒருவருக்கு அனுப்பிய பின் தலைப்பை மாற்றிவிட்டு அடுத்தவருக்கு அனுப்பினால் மூலம் இரண்டாகிவிடும். மூலக் கோப்புக்கு ‘மூலம்’ என்றே பெயரிட்டு, பென்ட்ரைவிலும் ஒரு படியை வைத்துவிட்டு, அதன்பின் அதைத் தொடாதிருப்பது நல்லது.

இரண்டாவது, எழுத்துரு. எங்கள் நாட்டில் இன்றும் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்கின்றனர். பாமினியில் திரையில் தெரிவது தமிழ். கோப்புக்குள் சேமிக்கப்படுவதோ ஆங்கில எழுத்துகள். யுனிகோடில்தான் தமிழ் எழுத்து தமிழ் எழுத்தாகவே சேமிக்கப்படும். மூலம் யுனிகோடிலும் திருத்திய பிரதி பாமினியிலும் இருந்தால், கணினி எல்லாச் சொற்களும் மாறிவிட்டன என்று காட்டும். ஆகவே முதலிலேயே அனைத்தையும் யுனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். யுனிகோடிலும் ஒரு சிறு பொறி உண்டு. ஒருவர் ‘ஔவையார்’ என்பதை ஔ என்ற ஒரே எழுத்தால் எழுதுவார். இன்னொருவர் ஒ, ள என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை இரு வேறு சொற்கள்.

மூன்றாவது, வேர்ட் மென்பொருளில் ‘ரிவியூ’ என்ற பகுதிக்குச் சென்று ‘ட்ராக் சேஞ்சஸ்’ என்பதை இயக்கிவிட்டே அனுப்ப வேண்டும். அப்போதுதான் சேர்த்தவை கோடிட்டும் நீக்கியவை வெட்டியும் தெரியும். திருத்தியவரின் பெயரும் நேரமும் பதிவாகும். பாடசாலைக் கணினி ஆய்வுகூடத்தில் எல்லாக் கணினிகளிலும் ஒரே பயனர் பெயர் இருக்கக்கூடும். அப்படியே திருத்தினால் மூவருடைய திருத்தங்களும் ஒருவருடையவை போலப் பதிவாகிவிடும். ‘ஃபைல்’ பகுதியில் ‘ஒப்ஷன்ஸ்’ என்பதைத் திறந்து, திருத்துபவரின் பெயரைக் கொடுத்த பின்னரே தொடங்க வேண்டும்.

நான்காவது, கணினி இல்லாத வீடுகளை மறக்கக் கூடாது. எங்கள் கையேட்டைத் திருத்திய மகள் தாளில்தான் திருத்தினார். அச்சிடும் முன் ‘லேஅவுட்’ பகுதியில் வரி இலக்கங்களைப் போட்டுக் கொடுத்தால், தாளில் சிவப்புப் பேனாவால் எழுதுபவரும், தொலைபேசியில் சொல்பவரும் “பதினான்காம் வரி” என்று குறிப்பிடலாம். அந்தத் திருத்தங்களை மூலத்தின் தனிப் படி ஒன்றில் அவருடைய பெயரிலேயே பதிய வேண்டும்.

இணைத்தல்

கோப்புகள் திரும்பி வந்ததும் ‘ரிவியூ’ பகுதியில் ‘கம்பெயார்’ என்பதன் கீழ் உள்ள ‘கம்பைன்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். முதற்பெட்டியில் மூலத்தையும் இரண்டாம் பெட்டியில் முதலாமவரின் பிரதியையும் கொடுத்து, விளைவைப் புதிய கோப்பாகப் பெறுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு கோப்புகளையே இணைக்க முடியும். ஆகவே அந்தப் புதிய கோப்போடு இரண்டாமவரின் பிரதியை இணைத்து, வந்ததோடு மூன்றாமவரின் பிரதியை இணைக்க வேண்டும். இடையில் எந்தத் திருத்தத்தையும் ஏற்கவோ நிராகரிக்கவோ வேண்டாம். எழுத்தின் அளவு, தடிப்பு போன்ற அமைப்பு மாற்றங்களில் ஒருவருடையதை மட்டுமே வேர்ட் வைத்துக்கொள்ளும். எதை வைப்பது என்று அது கேட்கும்போது மூலத்தினுடையதையே வையுங்கள்.

லிப்ரே ஒஃபிஸ் பயன்படுத்துவோருக்கு ‘எடிட்’ பகுதியில் இதே வசதி உண்டு. இணைய வசதி உள்ளவர்கள் கூகுள் டொக்ஸில் ஒரே கோப்பைப் பகிர்ந்து, பரிந்துரையாகத் திருத்தச் சொல்லலாம். ஆனால் அதில் முதலாமவர் எழுதியதை இரண்டாமவர் பார்த்துவிடுவார். ஆசிரியை திருத்திய வரியில் மாற்றுக் கருத்துச் சொல்ல ஒரு தாய் தயங்கக்கூடும். தனித்தனியாக அனுப்பினால் ஒவ்வொருவரும் தம் மனதில் பட்டதைத் தயங்காமல் எழுதுவர்.

முரண் வந்தால் யார் சொல் நிற்கும்?

எங்கள் மூலத்தில் ஒரு பெண்மணி சொன்ன வாக்கியம் இப்படி இருந்தது: “உம்மம்மா விடியச் சுபஹுத் தொழுதுட்டு பாய் இழைக்கக் குந்துவா.”

தமிழ் ஆசிரியை திருத்தியது: “பாட்டி அதிகாலைத் தொழுகையை முடித்துவிட்டுப் பாய் இழைக்க அமர்வார்.”

மகள் திருத்தியது: “உம்மம்மா அஸர் தொழுதுட்டு பாய் இழைக்கக் குந்துவா.” ஓரத்தில் அவர் எழுதியிருந்தார்: காலையில் அடுப்படி வேலை, பாய் இழைப்பது பின்னேரம்தான், உம்மாவிடம் திரும்பக் கேட்டேன்.

வரலாற்று ஆசிரியர் வாக்கியத்தை மாற்றவில்லை. “எந்தக் காலம்?” என்று ஒரு குறிப்பு மட்டும் இட்டிருந்தார்.

எல்லாத் திருத்தங்களையும் ஒரே அழுத்தில் ஏற்கும் வசதி வேர்ட்டில் உண்டு. இங்கே அதை அழுத்தினால் அதிகாலைத் தொழுகையும் அஸரும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வந்து நிற்கும். ஆசிரியையின் திருத்தத்தை மட்டும் ஏற்றால் வாக்கியம் செம்மையாகும், செய்தி பிழையாகும். மகளின் திருத்தத்தை ஏற்றால் செய்தி சரி. வாக்கியம் பேச்சு வழக்கிலேயே இருக்கும். கணினி இதில் எதையும் அறியாது. அதற்கு சுபஹும் அஸரும் சில எழுத்துகள் மட்டுமே.

நாங்கள் மூன்று விதிகளை வைத்துக்கொண்டோம். செய்தி பற்றிய முரணில் அதை நேரில் அறிந்தவரின் சொல் நிற்கும். நாங்கள் எழுதிய விளக்கப் பகுதிகளில் மொழி பற்றிய முரண் வந்தால் தமிழ் ஆசிரியையின் சொல் நிற்கும். மேற்கோள் குறிக்குள் இருப்பது பேசியவருக்கு உரியது. அதை யாரும் செம்மைப்படுத்துவதில்லை. ஆகவே மகளின் வாக்கியம் நின்றது. காலம் பற்றிய கேள்விக்கு விடை கேட்டு, அதை விளக்கப் பகுதியில் சேர்த்தோம்.

நிராகரித்த திருத்தத்தை வெறுமனே அழித்துவிடவும் இல்லை. ஏன் சேர்க்கவில்லை என்று ஒரு வரிக் குறிப்பு எழுதி ஆசிரியையிடம் காட்டினோம். அவர் வாசித்துவிட்டு, “அப்படியென்றால் உம்மம்மாவும் குந்துவாவும் அப்படியே இருக்கட்டும். ஆனால் அடுத்த பக்கத்தில் நீங்கள் எழுதிய பந்தியில் ‘குந்துவா’ வந்திருக்கிறது, அதை மாற்றுங்கள்” என்றார். காரணம் தெரிந்ததால் அவருடைய திருத்தம் இன்னும் கூர்மையானது. காரணம் சொல்லாமல் விட்டிருந்தால் தம் உழைப்பு மதிக்கப்படவில்லை என்றே அவர் எண்ணியிருப்பார்.

இறுதியில் செய்ய வேண்டியவை

எல்லா முரண்களும் தீர்ந்த பின் ஒருவர் முழுப் பிரதியையும் முதலிலிருந்து உரத்து வாசிக்க வேண்டும். மூவருடைய சொற்கள் சேர்ந்த இடத்தில் வேற்றுமை உருபு இரட்டித்திருக்கும்; ஒரு பந்தியில் ‘சென்றார்’ என்றும் அடுத்ததில் ‘போனா’ என்றும் வந்திருக்கும். இவை கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்குத் தப்பா. அச்சுக்குக் கொடுக்கும் முன் தீர்க்கப்படாத திருத்தமோ ஓரக்குறிப்போ மிஞ்சியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திருத்தக் குறிகளைத் திரையில் மறைப்பது வேறு, அவற்றை ஏற்பதோ நிராகரிப்பதோ வேறு. மறைத்தவை கோப்புக்குள் அப்படியே இருக்கும்.

மூலம், மூவருடைய பிரதிகள், இணைத்த கோப்பு, இறுதிப் பிரதி ஆகிய ஆறையும் ஒரே கோப்புறையில் திகதியிட்டு வையுங்கள். நாளை யாராவது “இதை ஏன் மாற்றினீர்கள்?” என்று கேட்டால் விடை அங்கே இருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். “நமக்கு இலக்கணம் தெரியாது, டீச்சர் பார்த்துக்கொள்வா” என்று பிள்ளையின் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பாய் இழைத்த நேரம் எந்த இலக்கண நூலிலும் இல்லை. பிறர் சொன்ன நினைவு எங்கள் கையில் ஓர் அமானிதம். அதைச் சேதமில்லாமல் அச்சுக்குக் கொண்டுசேர்க்க, மொழி அறிந்தவரின் பேனாவும் வேண்டும். வீட்டில் அதைக் கண்டவரின் பேனாவும் வேண்டும்.