மானிட்டரைப் பார்க்காமல் பைல் தேடலாம்

எப்போதோ சேமித்து வைத்த பைல் அவசரத்துக்குக் கிடைக்காமல் போவது எல்லாருக்கும் நடப்பதுதான். பார்வை உள்ளவர்கள் போல்டரைத் திறந்து, பட்டியல் முழுவதிலும் ஒருமுறை கண்ணை ஓட்டிவிடுவார்கள். என்னைப் போன்ற பார்வையற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஸ்கிரீன் ரீடர் ஒரு நேரத்தில் ஒரு பெயரைத்தான் படித்துச் சொல்லும். டவுன்லோட்ஸ் போல்டரில் 300 பைல்கள் இருந்து, ஒரு பெயரைக் கேட்க 2 நொடி ஆகிறது என்றால், கீழ் அம்புக்குறியைத் தட்டியே கடைசி வரை போக 10 நிமிடம் ஆகும். ஆன்லைனில் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது, சான்றிதழை அப்லோட் செய்யும் இடத்தில் இப்படித் தேடிக்கொண்டிருந்தால், பல தளங்கள் நேரம் முடிந்தது என்று நம்மை வெளியேற்றிவிடும். நிரப்பியதை எல்லாம் மறுபடி நிரப்ப வேண்டும். கடைசி நாள் என்றால் கேட்கவே வேண்டாம்.

நான் பயன்படுத்துவது விண்டோஸுடன் என்விடிஏ ஸ்கிரீன் ரீடர். இலவசமாகக் கிடைக்கும் இதை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006ல் உருவாக்கத் தொடங்கினார். ஜாஸ் வைத்திருப்பவர்களுக்கும் கீழே வரும் விண்டோஸ் கீகள் அப்படியே பொருந்தும். ஸ்கிரீன் ரீடருக்கு உரிய கீகள் மட்டும் மாறலாம். பார்வை உள்ளவர்களும் பழகிக்கொள்ளுங்கள். மவுஸ் மக்கர் செய்யும் நாளில் கைகொடுக்கும்.

முதலில் எளிய வழி. விண்டோஸ் கீயுடன் இ அழுத்தினால் பைல் எக்ஸ்புளோரர் திறக்கும். வேண்டிய போல்டருக்குள் போய், பைல் பெயரின் முதல் மூன்று, நான்கு எழுத்துகளை நிறுத்தாமல் வேகமாக டைப் செய்யுங்கள். நேராக அந்தப் பைலில் போய் நிற்கும். நடுவில் தயங்கினால், அடுத்த எழுத்தைப் புதிய தேடலாக எடுத்துக்கொள்ளும். பலர் இந்த வழி சரியாக வேலை செய்வதில்லை என்று விட்டுவிடுவதற்கு இதுதான் காரணம். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பத் தட்டினால், அந்த எழுத்தில் தொடங்கும் பைல்கள் ஒவ்வொன்றாக வரும்.

எந்தப் போல்டர் என்றே தெரியாவிட்டால் கண்ட்ரோலுடன் எப் அழுத்துங்கள். கர்சர் தேடல் கட்டத்துக்குப் போகும். பெயரில் நினைவிருக்கும் சொல்லை டைப் செய்து என்டர் தட்டி, சற்றுப் பொறுத்து, "ஐட்டம்ஸ் வியூ" என்று கேட்கும் வரை டேப் கீயைத் தட்டுங்கள். எத்தனை பைல்கள் கிடைத்தன என்று என்விடிஏ தானாகச் சொல்லாது. இன்சர்ட் கீயுடன் எண்ட் அழுத்தினால் ஸ்டேட்டஸ் பாரில் உள்ள எண்ணிக்கையைப் படிக்கும். நாற்பது, ஐம்பது என்று சொன்னால் பட்டியலுக்குள் இறங்காமல் இன்னொரு சொல்லைச் சேர்த்துத் தேடுவது நல்லது. விண்டோஸ் பொதுவாகச் சொல்லின் தொடக்கத்தைத்தான் பொருத்திப் பார்க்கும். இரண்டு சொற்களை ஒட்டிப் பெயர் வைத்திருந்தால், பின்பாதியைத் தேட அதற்கு முன்னால் நட்சத்திரக் குறி இடுங்கள்.

நம் வீடுகளில் முக்கியமான பைல்களை டி டிரைவில் போட்டு வைக்கும் பழக்கம் உண்டு. விண்டோஸ் வழக்கமாக இண்டெக்ஸ் செய்து வைப்பது சி டிரைவில் உள்ள உங்கள் சொந்தப் போல்டர்களை. டி டிரைவில் தேடல் ஆமை வேகத்தில் போவது இதனால்தான். ஸ்டார்ட் மெனுவில் "இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்" என்று டைப் செய்து திறந்து, மாடிபை பட்டன் மூலம் அந்தப் போல்டரைச் சேர்த்துவிடுங்கள்.

இனி அப்லோட் விஷயம். நான் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே பைலைத் தேடி வைத்துவிடுவேன். பைலின் மேல் நின்று, விண்டோஸ் 11ல் கண்ட்ரோல், ஷிப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால், பைல் இருக்கும் முழு முகவரியும் காப்பி ஆகும். விண்டோஸ் 10ல் ஆல்ட், எச், சி, பி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்ட வேண்டும். காப்பி ஆனது சரியான முகவரிதானா என்று இன்சர்ட்டுடன் சி அழுத்திக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு தளத்தில் அப்லோட் பட்டனைத் தட்டியதும் வரும் விண்டோவில் கர்சர் "பைல் நேம்" கட்டத்தில்தான் நிற்கும். கண்ட்ரோலுடன் வி, பின் என்டர். முகவரியின் இரு பக்கமும் மேற்கோள் குறி இருக்கும். அதை நீக்கத் தேவையில்லை. தேடலே இல்லாமல் சில நொடிகளில் வேலை முடியும். திரும்பி வந்து அந்தப் பட்டனை மறுபடி கேளுங்கள். பல தளங்களில் "நோ பைல் சோசன்" என்று இருந்த இடத்தில் உங்கள் பைல் பெயர் கேட்கும். அதைக் கேட்காமல் அடுத்த பக்கம் போகாதீர்கள். இரண்டு, மூன்று சான்றிதழ் கேட்கிறார்கள் என்றால், முகவரிகளை நோட்பேடில் வரிக்கு ஒன்றாக ஒட்டி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இவ்வளவும் பெயர் ஒழுங்காக இருந்தால்தான். போனில் வாட்ஸ்அப் வழியாக வந்த ஆவணங்களைப் பாருங்கள்: டிஓசி, தேதி, டபிள்யூஏ, நான்கு இலக்க எண். கண்ணுக்கு அது ஒரு வரி. காதுக்குப் பதினேழு எழுத்தும் எண்ணும் கடந்த பிறகும் என்ன பைல் என்றே தெரியாது. எனவே முதல் சொல்லிலேயே விஷயம் வரும்படி பெயரை மாற்றுங்கள்: சாதிச் சான்றிதழ் என்று முதலில், ஆண்டு கடைசியில். "ஸ்கேன் செய்த" போன்ற சொற்கள் முன்னால் வேண்டாம். எல்லாப் பைலும் ஒரே மாதிரி ஒலிக்கும். தமிழில் பெயர் வைப்பவர்கள், ஸ்கிரீன் ரீடரில் தமிழ்க் குரல் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். ஆங்கிலக் குரல்கள் பல, தமிழ் எழுத்து வந்தால் வாயைத் திறக்காது.

பெயர் மாற்ற எப்2 கீ. பிடிஎப், ஜேபெக் போன்ற பின்னொட்டை விட்டுவிட்டுப் பெயர் மட்டும் தேர்வாகியிருக்கும் என்பதால், அப்படியே டைப் செய்யலாம். முடித்ததும் என்டருக்குப் பதில் டேப் தட்டினால், அடுத்த பைலின் பெயர் மாற்றத் தயாராக நிற்கும். இந்த ஒரு கீயை வைத்தே ஒரு போல்டர் முழுவதையும் ஒரே மூச்சில் சரிசெய்துவிடலாம்.