கம்பியின் பருமன்

ஆவடியை அடுத்த வெள்ளானூர் போன்ற ஊர்களில், ஒலிபெருக்கி பூட்டிய மோட்டார் வண்டி திருவிழாச் செய்தியை அறிவித்துச் செல்வதுண்டு. அவ்வொலிக்கு வலிமை தரும் ஆம்பிளிபையருக்கு எத்தகைய கம்பி வேண்டும்?

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். வீட்டில் 600 வாட் மின்னடுப்பு, 230 வோல்ட் அழுத்தத்தில் ஏறத்தாழ 2.6 ஆம்பியர் மின்னோட்டமே பெறுகிறது. வண்டியின் மின்கலமோ 12 வோல்ட் உடையது. அதே 600 வாட்டை அது தர வேண்டுமாயின், 50 ஆம்பியர் பாய வேண்டும். சிறு வாய்க்காலில் பெருவெள்ளம் அடங்குமோ?

மின்கலத்திலிருந்து வண்டியின் பின்புறம்வரை 5 மீட்டர் செப்புக் கம்பி செல்வதாகக் கொள்வோம். அதன் குறுக்குப் பரப்பு 4 சதுர மில்லிமீட்டராயின், வழியிலேயே ஏறத்தாழ 1.1 வோல்ட் குறையும். 54 வாட் வெப்பமாக வீணாகும். ஒலி கரகரக்கும், கம்பியின் உறை உருகித் தீயும் மூளலாம். 16 சதுர மில்லிமீட்டராயின், இழப்பு நான்கில் ஒரு பங்காகும். நீளம் மிகுந்தால் பருமனும் மிகுதல் வேண்டும்.

பருத்த கம்பியும் உறை தேய்ந்து வண்டியின் இரும்புடலைத் தொட்டால் ஆபத்தே. ஆகவே, மின்கலத்தின் அருகிலேயே, கம்பி தாங்கும் அளவிற்கு மிகாத பியூஸ் அமைத்தல் இன்றியமையாதது. அஃது எரிகிறதென்று அதனினும் பெரியதை இடுவது, காவற்காரனை உறங்கச் செய்வதாகும். சில ரூபாய் மிச்சம் கருதி மெல்லிய கம்பியை நாடுவோர் வண்டியையே இழக்க நேரிடும். கணக்கறிந்து கம்பியைத் தேர்ந்தெடுப்போமாக.